சிரித்த முகம் லாண்டரி

லாண்டரிக்காரர் அந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, இஸ்திரிப்பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் படுத்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. முதல் முறை படித்தபோது அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது, நம்ப முடியவில்லை. மூன்றாம் முறை நம்பிக்கை வருவதற்குள் புகை வந்துவிட்டது.

"என்னங்க, என்னமோ தீயுதே!" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"சட்டைதான். அது கிடக்கட்டும். இங்க கடையே தீயுது, வந்து பாரு."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இஸ்திரிப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

கடிதம் 'புன்னகை' சோப்புத்தூள் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. ஏழு தொழிற்சாலை, எழுபது கிளை, வக்கீல்களுக்கென்றே தனி மாடி என்று வாழும் கம்பெனி அது. அதன் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் சிரித்த முகம் இருக்கும். நம் லாண்டரிக்காரரின் சொத்து இரண்டு சலவை இயந்திரங்கள், ஒரு இஸ்திரி மேஜை, மொட்டை மாடியில் நான்கு கொடி. அப்புறம் வாசலில் ஒரு பலகை. அந்தப் பலகையிலும் வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் சிரித்த முகம் இருந்தது. அதன் கீழே 'சிரித்த முகம் லாண்டரி. எந்தக் கறையும் போகும்' என்று எழுதியிருந்தது.

கம்பெனியின் புகார் இதுதான்: பலகையில் இருக்கும் முகமும், துணிகளில் குத்தும் முத்திரையும் தங்கள் பதிவு செய்த சின்னத்தைப் பார்த்து அடித்த நகல். அதனால் பொதுமக்கள் குழம்புகிறார்கள். பதினைந்து நாளில் அகற்றாவிட்டால் கோர்ட்டில் சந்திப்போம்.

"நகலா?" என்று லாண்டரிக்காரர் குமுறினார். "இது உன் மூஞ்சி! நான் உனக்காகவே வரைய வெச்ச மூஞ்சி! இதைப் போய் சோப்புப் பொட்டலத்துல இருந்து திருடினேங்கறானே!"

"அநியாயமா இருக்கே," என்றாள் மனைவி.

அவர் சொன்னது உண்மைதான். பதினெட்டு வருடத்துக்கு முன், கல்யாணமான கையோடு கடையைத் திறந்தபோது, புது மனைவிக்கு ஏதாவது பெரிதாகச் செய்யவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அவளுடைய தபால்தலை அளவுப் புகைப்படம் ஒன்றை எடுத்துப்போய் ஒரு பெயிண்டரிடம் கொடுத்து, ஆளுயரத்துக்கு வரையச் சொன்னார். அந்தப் பெயிண்டர் அதுவரை தேர்தல் சுவர்களில் தலைவர்களை மட்டுமே வரைந்து பழகியவர். அவர் கைக்கு ஒரே ஒரு தாடைதான் தெரியும். அதையே இங்கேயும் வரைந்தார். ஒரு கண் பேருந்து நிறுத்தத்தையும் மற்றொரு கண் தபால் நிலையத்தையும் கவனித்துக்கொண்டிருந்தன. பற்களை அவர் எண்ணாமல் போட்டுக்கொண்டே போனார். வேலையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, மேல் வரிசையில் மட்டும் இருபத்திரண்டு என்று சொன்னார்.

லாண்டரிக்காரர் கண்ணுக்கு மட்டும் அது பேரழகாகத் தெரிந்தது. காதலுக்குக் கண் இல்லை என்பார்களே, இவருடைய காதலுக்கு மூக்கு, தாடை, பல் எதுவுமே இல்லை. தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்தக் கன்னங்களைத் துடைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். அதே முகத்தைக் குட்டியாக ரப்பர் முத்திரை செய்து, துணிகள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு காலரின் உள்பக்கத்திலும் அழியாத மையில் குத்தி, பக்கத்தில் வாடிக்கையாளரின் எண்ணை எழுதினார். இப்படியாக ஊரில் பாதிப்பேர் கழுத்துக்குப் பின்னால் அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பியைக் கூப்பிடு," என்றார் அவர். "வக்கீலுக்குப் படிச்சது எதுக்கு?"

மச்சினன் வக்கீல் வந்தான். அதுவரை அவன் ஒரே ஒரு வழக்கில்தான் ஜெயித்திருந்தான். அதிலும் எதிராளி தேதியை மறந்துவிட்டார்.

"மாமா, கவலையே படாதீங்க," என்று கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்ல காகிதம்."

"காகிதத்தையாடா பார்க்கச் சொன்னேன்?"

"இது பெண் முகம்னுதானே தகராறு?" என்று மனைவி கருகிய சட்டையை மடித்தபடி மெதுவாகக் கேட்டாள். "ஒரு மீசை வெச்சுட்டா ஆம்பளையாயிடுமே?"

மச்சினன் துள்ளி எழுந்தான். "அக்கா சொல்றதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு மாமா! எந்தச் சட்டம்னு அப்புறம் பார்த்துச் சொல்றேன்."

லாண்டரிக்காரருக்கு மனசே வரவில்லை. ஆனால் முகம் பிழைத்தால் போதும் என்று பழைய பெயிண்டரையே கூப்பிட்டார். பெயிண்டர் பலகைக்கு முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இந்தப் படத்துல என்னமோ குறையுதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேங்க," என்றார். "மீசைதான்."

ஒரு மணி நேரத்தில் முகத்துக்கு அடர்த்தியான மீசை முளைத்தது. துணிகளை என்ன செய்வது? லாண்டரிக்காரர் மீசைக்கென்று தனியாக ஒரு குட்டி முத்திரை செய்தார். கடைக்கு வந்த ஒவ்வொரு காலரிலும் மூக்குக்குக் கீழே ஒரு குத்து. வேலை கனஜோராக நடந்தது.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கடையின் நாற்பத்தொன்றாம் எண் வாடிக்கையாளர். கையில் தன்னுடைய காக்கிச் சட்டையின் காலரைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"இது யாரு?"

லாண்டரிக்காரர் காலரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மறுபடி காலரைப் பார்த்தார்.

"ஐயா... அது பொதுவான ஒரு மீசைங்க."

"என் மீசை. என் தாடை. என் முழி. வெளியே ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கே, உள்ளே என் கழுத்துக்குப் பின்னாடியே குட்டியாக் குத்தியிருக்கே. அது போதாதுன்னு கீழே 'எந்தக் கறையும் போகும்'னு எழுதி வெச்சிருக்கே. என்ன சொல்ல வர்றே நீ? எனக்கு என்ன கறை?"

"ஐயாவுக்குப் பாக்கெட்ல பேனா மை மட்டும்தாங்க."

"ஸ்டேஷனே சிரிக்குதுய்யா! நாளைக்குள்ள இது நானா இருக்கக் கூடாது!"

அவர் போன சூட்டில் கம்பெனியின் இரண்டாவது கடிதம் வந்தது. தங்கள் சின்னத்தை நகலெடுத்தது ஒரு குற்றம். இப்போது அந்தப் பெண்மணிக்கு மீசை வைத்து நாடறியக் கேலி செய்வது இரண்டாவது குற்றம். பழைய வழக்கோடு மானநஷ்ட வழக்கும் சேர்க்கப்படும்.

"ஒரு மீசையை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் அடி வாங்கறேன்," என்று லாண்டரிக்காரர் தலையில் கை வைத்தார்.

"எடுத்துட்டா கம்பெனிக்காரன், வெச்சா போலீஸ்," என்றான் மச்சினன், ஏதோ சட்டப் பிரிவைச் சொல்வதுபோல.

"கண்ணை மறைச்சுட்டா யாருன்னே தெரியாதேங்க," என்றாள் மனைவி. "ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாருங்களேன்."

இந்த நெருக்கடியிலும் இப்படித் தோள் கொடுக்கிறாளே என்று லாண்டரிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெயிண்டர் வந்து கறுப்புக் கண்ணாடி மாட்டினார். உற்சாகத்தில் ஒரு தொப்பியும் இலவசமாகப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கைப்பையோடு ஒரு பெண்மணி வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தார்.

"துப்பறியும் ஆபீஸ் இதுதானே?"

"இது லாண்டரிங்க."

"புரியுது, புரியுது. வெளியே அப்படித்தான் சொல்லணும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் ஆபீஸ்ல வேலைன்னு எங்கேயோ போறார். எங்கேன்னு தெரியணும்."

"உங்க துணி எண் என்னங்க?"

"அவர் சட்டைக் காலர்ல பத்தொன்பதுன்னு இருக்கும்."

"பத்தொன்பதா? அவர் பில்லியர்ட்ஸ் ஆடப் போறாருங்க. செவ்வாய்க்கிழமைச் சட்டையில மட்டும் கைப்பட்டை ஓரத்துல, ஆடற கோல் நுனியில பூசற நீலச் சுண்ணாம்புத் தூள் இருக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குக் கை வலிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. கறையைப் பார்த்தால் காரணத்தைச் சொல்லிவிடுவது அவருடைய தொழில் புத்தி. இத்தனை நாளும் அந்தப் புத்தி மனைவியிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு ஆண்கள் வந்து, துவைத்தது துவைக்காதது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அதில் பத்தொன்பதாம் எண்காரர் போகும்போது முறைத்த முறையை லாண்டரிக்காரர் வெகுநாள் மறக்கவில்லை.

கொடிகள் நான்கில் மூன்று காலியாகிவிட்டன. மொட்டை மாடியில் நின்று அந்த வெற்றுக் கயிறுகளைப் பார்த்தபோது அவருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. கடை போனால் வேறு தொழில் தெரியாது. ஆனால் பலகையைக் கழற்றலாம் என்ற எண்ணம் அப்போதும் வரவில்லை. கடை போனாலும் பலகையை வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் வந்தது.

மச்சினன் அன்றைக்குப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் புத்தகம் படித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"மாமா! நாம ஆரம்பத்துல இருந்தே தப்புப் பண்ணிட்டோம். எதுக்கு மறைக்கணும்? அது அக்கா மூஞ்சின்னு நிரூபிச்சுட்டாப் போதும். ஒருத்தர் மூஞ்சியை அவங்க கடையில மாட்டக்கூடாதுன்னு எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. அக்காவையும் பலகையையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திக் காட்டிட்டா வழக்கு முடிஞ்சுது!"

மனைவி கையிலிருந்த தலையணை உறையை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். இனி மடிக்க முடியாது என்றானதும், "சரி, வர்றேன்," என்றாள்.

மீசையையும் கண்ணாடியையும் தொப்பியையும் டர்பன்டைன் போட்டுச் சுரண்டியெடுத்தார்கள். கண்ணாடியோடு ஒரு புருவமும் சேர்ந்து வந்துவிட்டது. பெயிண்டர் புதிதாக ஒரு புருவம் போட்டார், அது பழையதைவிட நாலு விரற்கடை மேலே ஏறிவிட்டது. இப்போது முகம் சிரித்துக்கொண்டே எதற்கோ திடுக்கிட்டது.

கம்பெனியின் கிளை அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. பலகை லிஃப்டுக்குள் நுழையவில்லை. தாடைப்பக்கத்தை லாண்டரிக்காரரும் நெற்றிப்பக்கத்தை மச்சினனும் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது எதிரே இறங்கிவந்து, பலகையைப் பார்த்து, சுவரோடு ஒட்டி நின்றார்கள். மனைவி மட்டும் லிஃப்டில் போனாள்.

சட்ட அதிகாரி என்பவர் டை கட்டிய, சலிப்பான ஒரு மனிதர். காலையிலிருந்து மூன்று சின்னக் கடைகளை மிரட்டிய களைப்பு அவர் முகத்தில் இருந்தது. பலகையைச் சுவரில் சாய்த்ததும் அவர் தண்ணீர் குடித்தார்.

லாண்டரிக்காரர் எடுத்த எடுப்பிலேயே தன் பிரம்மாஸ்திரத்தை விட்டார். வாசலில் நுழையும்போதே அவர் தொழில்கண் ஒன்றைக் கவனித்துவிட்டது.

"ஐயா, உங்க காலரைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

அதிகாரி திகைத்துப்போய்த் திருப்பினார். உள்ளே குட்டியாகச் சிரித்த முகம். எண் எழுபத்தாறு.

"பார்த்தீங்களா! நீங்களே என் வாடிக்கையாளர்! எதிரியோட துணியைக்கூட நான் எப்படி வெளுத்திருக்கேன் பாருங்க!"

"ஓ," என்றார் அதிகாரி. மேஜையிலிருந்து பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரம்மா எங்கே போடறாங்கன்னு எனக்குத் தெரியாது. முத்திரையைப் பார்த்துட்டு, நம்ம கம்பெனியே லாண்டரி நடத்துதுன்னுதான் ஆறு மாசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். பொதுமக்கள் குழம்பறாங்கன்னு எழுதியிருந்தோமில்ல? நானே சாட்சி." அதையும் எழுதிக்கொண்டார்.

மச்சினன் லாண்டரிக்காரரின் காலை மிதித்தான். அது ஆறுதலா கண்டிப்பா என்று தெரியவில்லை.

"போகட்டுங்க," என்று லாண்டரிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இது உங்க சின்னமே இல்லை. இது என் பொண்டாட்டி முகம். இதோ, பக்கத்துலயே நிக்கறா. நீங்களே பார்த்துக்கங்க."

மனைவி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்குப் பார்த்துப் பார்த்து உடுத்தியிருந்தாள். முடியை நேர்த்தியாகக் கொண்டை போட்டிருந்தாள். நாற்பதைத் தொடப்போகும் முகம், களையான முகம், பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்கும் முகம்.

அதிகாரி அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கடைப் பலகைக்காகச் சொந்த மனைவியை இப்படியா அவமானப்படுத்துவீங்க?"

"யாருங்க அவமானப்படுத்தறது? அச்சு அசல் அவதான்! அந்த மூக்கைப் பாருங்க!"

"அந்த மூக்குல ரெண்டு பேர் உட்காரலாம் சார்."

"அந்தச் சிரிப்பு! ஏம்மா, கொஞ்சம் சிரி!"

அவள் சிரித்தாள். அந்த அறையில் இருந்த தட்டச்சர் ஒருவர் தன்னையறியாமல் பதிலுக்குச் சிரித்தார். அதிகாரி தலையை ஆட்டினார்.

"இல்லவே இல்லை. ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பலகையில இருக்கறது என் மனைவி முகம்தான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவங்களும் ஆமான்னு சொல்லிட்டா, எங்க கம்பெனியால ஒண்ணும் பண்ண முடியாது. பலகை உங்களுக்கு. இல்லைன்னா கழட்டிடணும். முத்திரையும் போகணும். என்ன சொல்றீங்க?"

காகிதம் மேஜைமேல் வந்தது. மச்சினன் மகிழ்ச்சியில் மூச்சு விட மறந்தான். அவன் வாழ்க்கையில் எதிராளி நேரில் வந்து அவன் ஜெயிக்கப்போகும் முதல் வழக்கு இது. லாண்டரிக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லும்மா. அது நீதானே?"

"நீங்க சொன்னாச் சரிங்க," என்றாள் அவள். "அது என் மூஞ்சின்னே எழுதிக்கங்க. உங்க கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரியறேன்னா அப்படியே இருக்கட்டும்."

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

லாண்டரிக்காரரின் கை காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது. பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக அவர் அந்தப் பலகையை ஒரு அந்நியனைப் போலப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்துக் கண்ணைப் பார்த்தார். இருபத்திரண்டு பற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இதைத்தான் ஊரில் பாதிப்பேர் கழுத்தில் குத்தினோமா? பாவி, இதையா இவளுக்குப் பரிசென்று கொடுத்தோம்?

"இல்லீங்க," என்றார் அவர்.

"மாமா!" என்று மச்சினன் அலறினான்.

"அது என் பொண்டாட்டி இல்லீங்க. என் பொண்டாட்டி இப்படி இருக்கமாட்டா. கழட்டிடறேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

அவர் போட்டார். மச்சினன் நாற்காலியில் சரிந்தான். பலகையை அவர்கள் திரும்ப எடுத்துவரவில்லை. கம்பெனியின் கிடங்கில், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். வரும்போது லாண்டரிக்காரரும் மனைவியும் சேர்ந்தே லிஃப்டில் இறங்கினார்கள். வீடு வரும்வரை அவர் அவள் கையை விடவில்லை.

ஒரு வாரத்தில் புதுப் பலகை வந்தது. வெறும் எழுத்து, படமே இல்லை. துணிகளில் முகத்துக்குப் பதிலாக எண் மட்டும் குத்தினார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் மரியாதையா இருக்கு," என்று மூன்று சட்டை கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பதாம் எண்காரர்கூடத் திரும்பி வந்தார், செவ்வாய்க்கிழமைச் சட்டையை மட்டும் வீட்டிலேயே துவைத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடிகள் மெல்ல நிறைந்தன.

லாண்டரிக்காரருக்குத்தான் குற்ற உணர்ச்சி தீரவில்லை. சட்டை மடிக்கும்போதும் பொத்தான் தைக்கும்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்காக எவ்வளவு போராடினே நீ. மீசை ஐடியா என்ன, கண்ணாடி ஐடியா என்ன. கடைசியில உன்னையே அங்க நிறுத்தி அழ வெச்சுட்டேனே."

"விடுங்க, போனாப் போகுது," என்றாள் மனைவி. இந்த ஒரு வாரமாக அவள் முகத்தில் ஒரு தனி ஒளி வந்திருந்தது. கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் தைக்கக்கூட ஆரம்பித்திருந்தாள்.

அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், வாசலில் 'புன்னகை' கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. லாண்டரிக்காரர் வாசலுக்கு ஓடிவந்தார். வேனிலிருந்து இறங்கிய ஓட்டுநர், பெரிய பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு படியேறினார்.

"ஐயா, எல்லாத்தையும் எடுத்துட்டேனே! முகம் இல்லை, முத்திரை இல்லை! இன்னும் என்ன நோட்டீஸ்?"

ஓட்டுநர் பெட்டியை இஸ்திரி மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"நோட்டீஸ் இல்லீங்க, பரிசு. 'இந்தக் கடை உங்க சின்னத்தைத் திருடுது, தயவுபண்ணிக் கழட்ட வையுங்க'ன்னு பதினெட்டு வருஷமா மாசம் தவறாம எங்களுக்கு லெட்டர் போட்ட அம்மா வீடு இதுதானே?"